அடுத்த சிறுமிக்கு ஓர் ஆசிரியை: நம் பெண்கள் பள்ளிகளும் முன்னாள் மாணவியரும்



மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் யாயீர் என்னும் தொழுகைக்கூடத் தலைவரின் மகளைப் பற்றி வாசிக்கிறோம். அவளுக்கு வயது 12. சிறுமி இறந்துவிட்டாள், இனிப் போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வீட்டிலிருந்து ஆள் வருகிறது. ஆண்டவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்குள் போகிறார், அழுது புலம்பியவர்களை வெளியே அனுப்புகிறார், சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அத்துடன் அவர் திரும்பிப் போய்விடவில்லை. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

நம் பக்கத்தில் பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் வயதும் ஏறக்குறைய அந்த 12தான். பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனிப் பள்ளிக்கூடம் எதற்கு என்று வீட்டார் முடிவு செய்துவிடுவார்கள். அந்த முடிவை ஏற்காமல் உள்ளே சென்று கையைப் பிடித்து எழுப்பியவர்கள் யார் என்று கேட்டால், நம் மறைமாவட்டத்துப் பெரியவர்கள் பலர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: கான்வென்ட் சிஸ்டர்கள்.

ஆண்டுதோறும் நம் ஊர்களில் முன்னாள் மாணவியர் கூடுகை நடக்கிறது. மலர் வெளியிடுகிறார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகளுக்குச் சால்வை போர்த்துகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் இந்தப் பள்ளிகள் எதற்காகத் தோன்றின, எப்படி வளர்ந்தன, அவற்றிலிருந்து வெளியே வந்த பெண்கள் எதைக் கொண்டு போனார்கள் என்பதை மலரின் பக்கங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

ஆசிரியை இல்லாத காலம்

1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த 110 ஆண்டுப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அந்த முடிச்சைப் புரிந்துகொண்டால்தான் நம் பள்ளிகளின் வரலாறு புரியும்.

வயது வந்த பெண்பிள்ளையை ஆண் ஆசிரியரிடம் அனுப்ப அக்காலப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஆகவே பெண்கள் பள்ளி வேண்டுமென்றால் பெண் ஆசிரியை வேண்டும். பெண் ஆசிரியை வேண்டுமென்றால், முதலில் ஒரு பெண் படித்திருக்க வேண்டும். அவள் படிப்பதற்கோ பள்ளி இல்லை. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்பது போன்ற நிலை. படித்த பெண் ஒருத்தி கிடைத்தாலும், திருமணமாகிப் பிள்ளை குட்டிகளோடு இருப்பவளால் ஊர் விட்டு ஊர் சென்று பள்ளி நடத்த முடியாது.

இந்த முடிச்சைக் கத்தோலிக்கத் திருச்சபையில் அவிழ்த்தவர்கள் துறவறப் பெண்கள். 1842ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டிலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்தார்கள். அயர்லாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காக நேனோ நேகிள் அம்மையார் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சபை அது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் புதுச்சேரியில் அதைவிடத் துணிச்சலான ஒரு காரியம் நடந்தது. 1844ஆம் ஆண்டு புதுச்சேரியில் கூடிய மறைப்பணியாளர் மாமன்றம் பெண்களின் கல்வியைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த லூயி சவீனியன் துய்ப்புயி அடிகளார் பெண்பிள்ளைகளின் கல்விக்கென்றே ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். இன்று மரியாவின் மாசற்ற இருதயத்தின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்று நாம் அறியும் சபை அதுதான். துய்ப்புயி அடிகளார் தமிழறிஞர், தமிழ்–பிரெஞ்சு அகராதி உருவாக்கியவர்களில் ஒருவர், புதுச்சேரி மறைமாவட்ட அச்சகத்தை வளர்த்தவர்.

இதில் துணிச்சல் எங்கே என்று கேட்கலாம். சென்னைக்கு வந்தவர்கள் வெளிநாட்டுச் சகோதரிகள், படித்தே வந்தவர்கள். புதுச்சேரிச் சபையோ நம் தமிழ்ப் பெண்களைக் கொண்டு தொடங்கிய சபை. பெண் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று ஊரார் பேசிய நாளில், அந்தச் சகோதரிகள் முதலில் தாங்கள் எழுத்துப் படித்தார்கள், பிறகு மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். ஏச்சும் பேச்சும் வாங்கிய பிறகே பாராட்டு வந்தது.

1854ஆம் ஆண்டு வெளியான உட் அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி கொடுக்கலாம் என்று வழிசெய்தது. இன்று நாம் அரசு உதவி பெறும் பள்ளி என்று சொல்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. கன்னியர் மடங்களின் சிறிய பள்ளிகள் நிலைத்து நிற்க இந்த உதவி பெரிதும் துணையாயிற்று.

முளகுமூட்டில் தொடங்கிய வழி

நம் பாளையங்கோட்டைப் பக்கத்துக்கு வருமுன் தெற்கே முளகுமூட்டுக்குப் போக வேண்டும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது, கொல்லம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்காகக் கார்மேல் சபைக் குருக்கள் ஓர் இல்லம் நடத்திவந்தார்கள். அதைக் கவனிக்கத் துறவறப் பெண்கள் தேவை என்று பெல்ஜியம் நாட்டுக்கு வேண்டுகோள் போனது.

அந்த அழைப்பை ஏற்றவர் மரி லூயிஸ் தெ மேஸ்டர் அன்னை. 1857ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ரூசலாரே நகரில் பிறந்தவர், ஈப்பர் நகரில் புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் மடத்தில் துறவியாக இருந்தவர். 1897ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒரே ஒரு துணைச் சகோதரியோடு முளகுமூட்டில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 40. புதிய சபை ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தோடு அவர் வரவில்லை. வந்த இடத்துப் பிள்ளைகளின் தேவைதான் புதிய சபையை உருவாக்கியது. இன்று ஐ.சி.எம். சகோதரிகள் என்று நாம் அழைக்கும் மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபை முளகுமூட்டில்தான் பிறந்தது. புதுச்சேரிச் சபையின் பெயரும் இதுவும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு சபைகள் என்பதைப் பங்குமக்கள் மனத்தில் கொள்ள வேண்டும். முளகுமூட்டிலிருந்து அந்தச் சபை 1910இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கும், பின்னர் ஆப்பிரிக்கா, அமெரிக்கா, சீனா எனப் பல நாடுகளுக்கும் பரவியது. அன்னை 1928ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பெல்ஜியத்தில் இறைவனடி சேர்ந்தார். தெற்குத் தமிழகத்தின் ஒரு சிற்றூர் உலகின் பிற பகுதிகளுக்கு மறைபரப்புச் சகோதரிகளை அனுப்பியது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

முளகுமூட்டுச் சகோதரிகள் பிள்ளைகளுக்கு எழுத்தோடு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பிறந்த பகுதி லேஸ் பின்னலுக்குப் பெயர்போனது. அந்தக் கலையும் பூத்தையலும் முளகுமூட்டுப் பெண்களின் விரல்களுக்கு வந்தன. தென்கோடியில் இந்தத் தொழிலை முதலில் கொண்டுவந்தவர்கள் சீர்திருத்தச் சபையின் மிஷனரிப் பெண்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவருடைய மகளும் கால்டுவெல் ஐயரின் துணைவியுமான எலைசா அம்மையாரும் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்ததை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

லேஸ் எதற்கு? அதற்குக் கூலி உண்டு. பெண்பிள்ளை வீட்டுக்குச் சுமை என்று நினைத்த குடும்பத்துக்கு, அவள் பள்ளியில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கிறாள் என்பது பெரிய பதில். பிள்ளையைப் பள்ளியிலேயே விட்டுவைக்க அது ஒரு காரணமாயிற்று. எழுப்பப்பட்ட சிறுமிக்கு உணவு கொடுங்கள் என்று ஆண்டவர் சொன்னதற்கு அக்காலச் சகோதரிகள் கண்ட வழிகளில் இதுவும் ஒன்று.

தாமிரபரணிக் கரையில்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது நமக்குப் பழகிப்போன பேச்சு. அந்தப் பெயருக்குப் பல சபையாரும் உழைத்திருக்கிறார்கள். பெண்கல்வியில் இங்கே முன்னே சென்றவர்கள் சி.எம்.எஸ். சபையார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கே வராமல் இங்கிலாந்திலிருந்தபடி நெல்லைப் பெண்பிள்ளைகளுக்காக உழைத்த சாராள் தக்கர் அம்மையாரின் பெயரில் எழுந்த கல்வி நிலையம், 1895ஆம் ஆண்டு கல்லூரியாக உயர்ந்தது.

கத்தோலிக்கர் நடுவே, முளகுமூட்டில் வேர்விட்ட ஐ.சி.எம். சகோதரிகள் பாளையங்கோட்டையிலும் பணியேற்றார்கள். புனித இஞ்ஞாசியார் கன்னியர் மடப் பள்ளியை, இக்னேஷியஸ் கான்வென்ட் என்று சொன்னால் நெல்லையில் தெரியாதவர் இல்லை. அதன் அருகே 1957ஆம் ஆண்டு பெண்களுக்கென்று ஆசிரியர் கல்விக் கல்லூரி ஒன்றும் அதே சகோதரிகளால் தொடங்கப்பட்டது. கடற்கரைப் பக்கம் 1948ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி பெண்களுக்காகத் தோன்றியது. 1923ஆம் ஆண்டு இயேசு சபையார் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கியிருந்தாலும், அது அந்நாளில் ஆண்பிள்ளைகளுக்கான கல்லூரி. ஆகவே பள்ளி முடித்த பெண்ணுக்கு 1948உம் 1957உம் முக்கியமான ஆண்டுகள்.

1957ஐ நாம் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. 1950களின் நடுவில் பெருந்தலைவர் காமராசரின் ஆட்சி ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தது, மதிய உணவு கொடுத்தது. பள்ளிகள் பெருகியபோது ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். அந்த வேளையில் பெண்களுக்கென்று ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இங்கே இருந்தது. அரசு ஊர்ப்புறத்தில் பள்ளிக் கதவைத் திறந்தது என்றால், அந்த வகுப்பறையில் நிற்கப் பயிற்சி பெற்ற பெண்களை இத்தகைய கல்லூரிகள் அனுப்பின. புதுச்சேரியில் 1844இல் இருந்த முடிச்சு, ஒரு நூற்றாண்டுக்குப் பின் தாமிரபரணிக் கரையில் இப்படி அவிழ்ந்தது. படித்த பெண் ஆசிரியை ஆனாள். அவளைப் பார்த்து அடுத்த சிறுமியின் தாய் துணிந்தாள்.

1973ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மதுரையிலிருந்து பிரிந்து பாளையங்கோட்டை மறைமாவட்டம் உருவானபோது, நம் பங்குப் பள்ளிகளில் கற்பிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் இப்பகுதியிலேயே இருந்தார்கள். 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ கல்வி முறை வந்தது. அதன்பின் நம் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகள் பலவும் மேல்நிலைப் பள்ளிகளாக வளர்ந்தன.

பெயர் தெரிந்தவரும் தெரியாதவரும்

முன்னாள் மாணவியர் என்றதும் நாம் பெரிய பெயர்களைத் தேடுகிறோம். சென்னையில் பிரசன்டேஷன் சகோதரிகள் 1909ஆம் ஆண்டு தொடங்கிய சர்ச் பார்க் பள்ளியை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா அங்கே படித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே பிரசன்டேஷன் சகோதரிகளின் பள்ளியில் சென்னையில் படித்த இன்னொரு மாணவியை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவர் ஆர். எஸ். சுப்புலட்சுமி.

1886ஆம் ஆண்டு ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே திருமணம் செய்துவைக்கப்பட்டு, உடனே கணவரை இழந்தார். குழந்தை விதவை என்றால் அக்காலத்தில் மொட்டையடித்து மூலையில் உட்கார வைப்பார்கள். அவருடைய பெற்றோர் அதற்கு உடன்படாமல் படிக்க வைத்தார்கள். கன்னியர் பள்ளியில் அவர் படித்தார். குடும்பம் இல்லாத ஒரு பெண் பிறருக்காக மதிப்போடு வாழ முடியும் என்பதை அங்கே சகோதரிகளிடம் கண்டார். 1911ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவுடன் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்து, அவர்களை ஆசிரியைகளாக ஆக்கினார். சாரதா இல்லம், சாரதா வித்தியாலயம் ஆகியவற்றின் வரலாறு அங்கே தொடங்குகிறது. 1958ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969இல் அவர் மறையும்வரை மக்கள் அவரைச் சிஸ்டர் சுப்புலட்சுமி என்றே அழைத்தார்கள்.

அவர் கத்தோலிக்கர் ஆகவில்லை. இறுதிவரை தம் சமய மரபில் வாழ்ந்தார். அதனால் சகோதரிகளின் உழைப்பு வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? கையைப் பிடித்து எழுப்பப்பட்ட ஒருத்தி, அடுத்தவளின் கையைப் பிடித்தாள். நற்செய்தி அங்கே செயல்பட்டது என்று நாம் நம்புகிறோம்.

இனி, பெயர் தெரியாதவர்கள். நம் மறைமாவட்டத்தில் எந்தப் பங்குக்குச் சென்றாலும், ஊரில் டீச்சரம்மா என்று ஒருவர் இருப்பார். கான்வென்டில் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சி முடித்து, பங்குப் பள்ளியில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் வாசகம் வாசிக்கப் பழக்கியவர், புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரித்தவர், ஊரில் பாதிப் பேருக்கு அகரம் எழுதக் கைப்பிடித்தவர். எந்த மலரிலும் அவருடைய புகைப்படம் பெரிதாக வராது. ஆனால் பள்ளியின் உண்மையான வரலாறு அவரிடம்தான் இருக்கிறது.

நம்மைக் கேள்வி கேட்கும் மாணவி

வரலாற்றை நேர்மையாகச் சொல்வதென்றால் நிறைவைப் போலவே குறையையும் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையின் திருச்சபைக்குச் சாதி ஒரு பழைய புண். வடக்கன்குளம் கோவிலில் சாதி பிரித்து மக்களை உட்காரவைத்த சுவரை 1910ஆம் ஆண்டளவில் கௌசானல் அடிகளார் இடித்தார். அதற்காக அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. கல்சுவரை இடித்தாயிற்று. பள்ளிச் சேர்க்கையிலும் விடுதியிலும் இருந்த கண்ணுக்குத் தெரியாத சுவர்களை எல்லாம் இடித்துவிட்டோமா?

இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டவர் ஒரு பெண். எழுத்தாளர் பாமா. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1958ஆம் ஆண்டு பிறந்தவர். கிறிஸ்தவப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் படித்தவர், ஆசிரியையாக வேலை பார்த்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணி செய்ய வேண்டும் என்ற ஆசையோடு துறவற சபையில் சேர்ந்தார். அங்கே வசதி படைத்தவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளியையும், சாதிப் பார்வையையும் கண்டு மனம் நொந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியேறினார். 1992ஆம் ஆண்டு அவர் எழுதிய கருக்கு என்னும் நூல் தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய தன்வரலாறுகளில் முன்னோடியானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000ஆம் ஆண்டு கிராஸ்வேர்டு விருது கிடைத்தது.

அந்த நூல் வந்த காலத்தில் நம்மில் சிலர் வருத்தப்பட்டோம், சிலர் கோபப்பட்டோம். வெளியே போனவள் குறை சொல்கிறாள் என்று பேசியவர்களும் உண்டு. இன்று நிதானமாக எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. பனங்கருக்கு கையைக் கிழிக்கும். ஆனால் ஓலை வெட்டுகிறவர் அதைக் கோபித்துக்கொள்வதில்லை, கவனமாகப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். அவருக்கு எழுத்தைக் கொடுத்தவை நம் பள்ளிகள். அந்த எழுத்தைக் கொண்டு நம் முன் ஒரு கண்ணாடியை அவர் வைத்தார். புகழ்ந்து பேசும் மாணவியைப் போலவே, கேள்வி கேட்கும் மாணவியும் பள்ளியின் பிள்ளைதான்.

திருச்சபையும் இந்தக் குரலுக்குச் செவிசாய்த்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகள்மீது கத்தோலிக்கப் பள்ளிகளுக்குத் தனி அக்கறை வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இந்திய ஆயர் பேரவை 2007இல் வெளியிட்ட கல்விக் கொள்கையும், 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையும் அதே வழியில் செல்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியே பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. வழக்கு எப்படிப் போனாலும், சட்டம் கேட்கவில்லை என்பதற்காக ஏழைச் சிறுமிக்கு இடமில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவளுக்காகத்தானே பள்ளி கட்டினோம்?

எட்டாம் வகுப்போடு நின்றவள்

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாப் பிள்ளைகளும்தான் படிக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாமல் வரும் ஒரு சிறுமி வராமல் போனாள். மூன்று ஞாயிறு கழிந்த பிறகே அது நம் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தாயோடு உட்கார்ந்து பீடிக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். "சாமி, எட்டாப்புல கணக்குப் பரிச்சையில போயிட்டா. டீச்சர் ஏசுதாங்கன்னு பள்ளிக்கூடமே போக மாட்டேங்கா. வீட்ல சும்மா இருக்கதுக்கு எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார் தாய். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மகள் இலை வெட்டிக் கொடுத்தால் தாய் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றலாம். தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலும் அதைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியிலும் இந்தக் கணக்கு பல வீடுகளுக்குத் தெரிந்த கணக்கு.

நாம் பேசியதால் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாவால். சாயங்காலம் அந்தத் தாய் பீடி சுற்றும் திண்ணையில் அவர் போய் உட்கார்ந்தார். ஒரு மாதம் அங்கேயே வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு கையோடு அழைத்துப்போய்ப் பள்ளியில் விட்டார். அந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்தாள்.

ஆனால் அதே தெருவில் இன்னொரு சிறுமியும் நின்றிருந்தாள். அவளைத் தேடி நாம் போனபோது, அவள் வெளிமாவட்டத்து நூல் மில்லுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லித் தென்மாவட்டப் பிள்ளைகளைத் தரகர்கள் அழைத்துச் சென்ற காலம் அது. அவள் திரும்பிப் படிக்க வரவில்லை. மூன்று ஞாயிறு என்பது ஒரு சிறுமிக்கு எவ்வளவு நீளமான காலம் என்பதை அன்று நாம் கற்றுக்கொண்டோம். அந்தக் குற்ற உணர்வு இன்றும் நம்மிடம் இருக்கிறது.

அரசுத் திட்டங்கள் சில உண்டு, அவற்றைப் பங்குமக்கள் அறிந்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. 2024 ஜூலை 15ஆம் நாள் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அந்த விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் நடந்தது நமக்கு மகிழ்ச்சி. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022இல் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் அது 2024 டிசம்பர் 30ஆம் நாள் தூத்துக்குடியில் விரிவாக்கப்பட்டது. உங்கள் வீட்டுப் பெண் இதற்குத் தகுதி உடையவளா என்பதைப் பள்ளித் தலைமையாசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் நின்றுவிடுகிற பிள்ளைக்கு இந்தப் பணம் எட்டாது. அவளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை கொண்டு சேர்க்க அருகில் ஓர் ஆள் வேண்டும்.

முன்னாள் மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புச் சகோதரிகளே, இந்த ஆண்டுக் கூடுகையில் நுழைவாயில் வளைவுக்கும் மேடைக்கும் நிதி திரட்டலாம், தவறில்லை. அத்துடன் இன்னொன்றையும் செய்யுங்கள். நீங்கள் வாழும் பங்கில், உங்கள் அன்பியத்தில், 12 வயதுக்கும் 17 வயதுக்கும் இடைப்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்களில் பள்ளிக்குப் போகாதவர் யார் என்று பாருங்கள். கத்தோலிக்கப் பிள்ளையா, இந்துப் பிள்ளையா, இஸ்லாமியப் பிள்ளையா என்று பார்க்க வேண்டாம். உங்களுக்குக் கற்பித்த சகோதரிகள் அப்படிப் பார்த்ததில்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு சிறுமியைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட முடிந்தவர் கட்டணம் கட்டுங்கள். முடியாதவர் ஒரு மாலை நேரம் கொடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பணம் தேவையில்லை.

பள்ளிகளை நடத்தும் சகோதரிகளுக்கும், குருக்களாகிய நமக்கும் ஒரு சொல். சேர்க்கைக்காக வாசலில் நிற்கும் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் எப்படியும் படித்துக்கொள்வார்கள். பின்னால், பேசத் தெரியாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே ஒரு தாய், அவரை நாம் முதலில் கூப்பிட வேண்டும். 1844இல் புதுச்சேரியிலும் 1897இல் முளகுமூட்டிலும் கதவு திறக்கப்பட்டது அவருடைய பிள்ளைக்காகத்தான்.

யாயீரின் வீட்டில் ஆண்டவர் சிறுமியை எழுப்பிவிட்டு, உணவு கொடுக்கும் வேலையை அங்கிருந்தவர்களிடம் ஒப்படைத்தார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. இந்த வாரம் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், உங்கள் தெருவில் ஒரு கதவையாவது தட்டிப் பாருங்கள்.

சிந்தனைக்கு:

1. எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியையை நான் கடைசியாகச் சந்தித்தது எப்போது? அவருக்காகச் செபிக்கிறேனா?

2. நம் அன்பியத்தில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை யாராவது உண்டா? அவளுடைய வீட்டுக்கு இந்த வாரம் யார் போவது?

3. நம் பங்கிலும் பள்ளியிலும் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் சுவர் எது?